ஆள் இருக்கு

கிரெனோபிளில் பிப்ரவரி.
ஈசேர் ஆற்றின்மேல் மூட்டம் இறங்கி
மூன்று பக்க மலைகளையும் வாங்கிக்கொண்டு போயிற்று.
கீழே, ஜன்னலில்லாத ஆய்வகத்தில்
ஹீலியம் பம்பு மட்டும்
இழுத்து இழுத்து மூச்சு விடுகிறது.

விண்வெளியும் நடுங்கும் குளிரில்
இரண்டு புள்ளிகள்.
குழி எனலாம், அறை எனலாம்.
மின்னழுத்த வேலிக்குள்
ஒதுங்கிய துளி இருட்டு.

ஒன்றில் ஓர் எலக்ட்ரான் உட்கார்ந்தால் போதும்,
அடுத்தது வாசலில் நிற்கும்.
கதவு திறந்துதான் கிடக்கிறது.
போ என்று யாரும் சொல்லவில்லை.
ஆள் இருக்கு,
அவ்வளவுதான்.

பக்கத்துப் புள்ளிக்கும் அது தெரிந்துவிடும்.
தொடுவதில்லை, நடுவே சுவர்.
இருந்தும் அங்கே ஒரு பாரம் கூட
இங்கே தரை கொஞ்சம் உயரும்.

க்வெனோலா இரண்டு அழுத்தங்களையும் நகர்த்த நகர்த்தத்
திரையில் அறுகோணம் அறுகோணமாய்த் தேன்கூடு,
ஒரு வரிக்கு இரண்டு நிமிடம்.
மூலைகளில் மட்டும் சொட்டும் மின்னோட்டம்.
மற்ற இடமெல்லாம்
அசையாத எண்ணிக்கை.

பணியிடம் ஒன்றுதான்.
அக்டோபரில் அவளும் எழுதினாள், அன்செல்மும் எழுதினான்.
செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் அவன் பெயர்.
அன்றிலிருந்து
அவன் காப்பிக்கு எழுந்தால் இவள் உட்கார்வாள்.

மூன்று பன்னிரண்டுக்குக் கூடு அறுந்தது.
ஒரு விரற்கடை தள்ளி
மறுபடி தொடங்கிற்று.
நோட்டில் எழுதினாள்: தாவல். காரணம் தெரியாது.
சிலிக்கானுக்குள் எங்கோ
கணக்கில் வராத ஒற்றை மின்சுமை
புரண்டு படுத்திருக்கும்.
அதற்கு முழு வரைபடமும் நகர வேண்டியிருக்கிறது.

நான்கு மணிக்கு நைட்ரஜன் உருளை
லிஃப்ட் விளிம்பில் சக்கரம் மாட்டி நின்றது.
உள்ளே அவன். வெளியே அவள்.
அவன் தள்ளினான், வரவில்லை.
அவள் இழுத்தாள், வரவில்லை.
பிறகு எப்படியோ, ஒன்று இரண்டு எண்ணாமலே,
ஒரே நொடியில் இருவரும்.
உருளை தடதடவென்று வந்து
அவள் கால்விரலை நசுக்கிற்று.
பிரெஞ்சில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்,
நான்கு நாளில் அவனிடம் பேசிய முதல் சொல்.

திரையைப் பார்த்துக் கேட்டான்:
"மறுபடி முதலிலிருந்தா?"
"வேண்டாம்.
தள்ளிப்போன இடத்திலிருந்தே ஓடட்டும்."

மேலே முதல் டிராம் போனது.
வரிகள் லேசாக நடுங்கின.
அவன் உட்கார நாற்காலி தேடினான்.
இருந்தது ஒன்று,
அதில் அவள் நொண்டிக்கொண்டு வந்து
பாதி உட்கார்ந்தாள்.