புள்ளிக்குப் பின்னால்

ஒரே பக்கம் என்கிறாள் ஜெசிந்தா,
பெங்களூரிலிருந்து, ஃபோனில்.
போட்டோவை எடு. அப்பா பெயரை எடு,
ரேஷன் கார்டா கேட்டார்கள்?
'கடின உழைப்பாளி'யை எல்லாரும் எழுதுகிறார்கள்,
அதையும் எடு.
'மேற்கண்டவை யாவும் உண்மை', அது எதற்கு?
எடுத்துக்கொண்டே வந்ததில்
முக்கால் பக்கம் வெள்ளையாகிவிட்டது.

சூரமங்கலத்தில் மணி பதினொன்று.
ஜங்ஷனில் ஏதோ ரயிலின் தாமதத்துக்கு
மூன்று மொழியில் வருந்துகிறார்கள்.
மொட்டைமாடிக் கதவு வழியே
ஏற்காட்டு மலையில் ஒற்றை வண்டி விளக்கு
ஒரு வளைவில் அணைந்து
அடுத்ததில் எரிகிறது.

செய்ததை மட்டும் எழுது.
எவ்வளவு என்று எழுது.
எண் இல்லாத வரியில் அவர்கள் கண் நிற்காது.

செய்தது:
ஆத்தூர் ரோட்டு ஜவ்வரிசி ஆலையில்
எடைமேடைக்கு மென்பொருள்.
மூன்று வருடம், ஒற்றை ஆள்.
பைத்தான், எஸ்க்யூஎல்.
கரண்ட் போனால் ஓடிப்போய்
ஜெனரேட்டரைப் போட்டதும் நான்தான்
(அதை எடு என்பாள்).

கிழங்கு லாரி மேடை ஏறும்.
மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்ப்பார்கள்.
இருபத்தேழு புள்ளி ஆறு.
சீட்டில் இருபத்தேழு.
எனக்கு முன்னால் எவரோ எழுதிப்போன ஒற்றை வரி
புள்ளிக்குப் பின்னால் வந்ததையெல்லாம்
தின்றுகொண்டே இருந்தது.
எட்டு டன் லோடுக்கு
ஆயிரத்து நானூற்றுச் சொச்சம்.
தம்மம்பட்டிக்காரர் செங்கோடன்
சீட்டை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்து
நாலாக மடித்து வைத்துக்கொள்வார்.
கேட்டதில்லை.

வரியைத் திருத்தினேன்.
பிழை என்றுதான் நினைத்தேன்.
நினைத்ததாகத்தான் சொல்லிக்கொள்கிறேன்.
பதினோரு நாள் ஓடியது.
பன்னிரண்டாம் நாள் மேனேஜர்
எனக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டு
"பழையபடியே மாத்திடும்மா" என்றார்.
டீ ஆடை கட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.

இதை முதல்முறையாக ஜெசிந்தாவிடம் சொல்கிறேன்.
அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் விட்டது.
ஷிஃப்ட் முடிந்து இப்போதுதான் சமைக்கிறாள்.
பிறகு, வேலைக்காரக் குரலில்:
"எழுதிக்கோ. எடைச்சீட்டுக் கணக்கில்
தசமப் பிழை கண்டறிந்து திருத்தம்.
துல்லியம் நூறு சதவீதம்."

நூறு போட முடியாது, ஜெசி.
நான் வெளியே வந்த அன்று சாயங்காலமே
பழைய வரியைத் திரும்ப வைத்துவிட்டார்கள்.
இன்றைக்கும் அங்கே
இருபத்தேழு புள்ளி ஒன்பதும் இருபத்தேழுதான்.

"அப்ப என்னதான் போடுவ?"

இருநூற்றுப் பதினாலு சீட்டு
என்று அடித்தேன்.
எண் கேட்டாயே, இதுதான் எண்.

"விலகுன காரணம் எழுதாத. கேட்டா வாயால சொல்லு"
என்றுவிட்டு வைத்துவிட்டாள்.
அவர்களோ எழுத்தாலேயே கேட்கிறார்கள்:
படிவத்தின் கடைசிக் கட்டம்,
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்,
ஐம்பது எழுத்துக்குள்.

மலையில் விளக்கைத் தேடினேன்.
இறங்கிவிட்டது போல.

'சீட்டு சரியாக இருந்தது.'

விரல்விட்டு எண்ணுகிறேன்.
இடம் மிச்சமிருக்கிறது.