உபரி ஊசி

காஸ்த்ரோவில் மழை விடுப்பு எடுப்பதில்லை.
நானும்தான். வாரத்துக்கு ஆறு நாள்
தீவின் மேற்குப்பக்கத்துப் பண்ணைவீடுகளுக்குத்
தபால் கொண்டுபோகிறேன்.
வண்டி இருநூற்றைம்பது சிசி. பின்சக்கரத்தில்
செயினை விரலால் இழுத்தால்
பாதிப் பல் வெளியே தெரிகிறது.
மேடேறும்போது தூக்கத்தில் யாரோ
பல்லை நறநறக்கிற சத்தம்.

எலியானா மான்சிலா
மூன்று செயின் பிரேக்கர்களைக் கல்லாவின் மேல் வைத்தாள்.
எட்டாயிரம் பெசோ.
இருபத்து நாலாயிரம்.
அறுபத்தோராயிரம், அது மட்டும் பெட்டிக்குள், பஞ்சுமெத்தையில்.
"எத்தனை தடவை மாற்றப்போகிறாய், யஸ்னா?"
அவள் கேட்டது கருவியைப் பற்றித்தான்.

கணக்குப் போட்டேன்.
ஒரு செயினுக்குப் பதினெட்டாயிரம் கிலோமீட்டர்.
என் ஓட்டம் ஆண்டுக்குப் பதினைந்தாயிரம்.
வயது நாற்பத்து மூன்று.
முழங்கால் இன்னும் பத்து வருடம் தாங்கினால்
எட்டுச் செயின்.
அறுபத்தோராயிரத்தை எட்டால் வகுத்தால்
தடவைக்கு ஏழாயிரத்து அறுநூற்றுச் சொச்சம்.
மலிவுதான்.

ஆனால் புவெர்த்தோ மோந்த்தில்
அக்கா ஒரு வேலை பார்த்து வைத்திருக்கிறாள்.
கூரைக்குக் கீழே. நாற்காலி சுழலுமாம்.
ஆகஸ்டுக்குள் பதில் சொல்ல வேண்டும்.
போவதென்றால்
இந்த ஒரு தடவைதான்.

எட்டாயிரத்தை நீட்டினேன்.
எலியானா எதுவும் சொல்லாமல்
ரசீது எழுதினாள், மெதுவாக.

மற்றதெல்லாம் வீட்டில் இருந்தது:
அச்சு நட்டுக்கு இருபத்து நாலு சாக்கெட்,
அதன் பிடியை நீளமாக்க ஒரு குழாய்த்துண்டு,
மண்ணெண்ணெய், பல் தேய்க்கும் பிரஷ் ஒன்று
(போனவன் விட்டுப்போனது, இப்போதுதான் உதவுகிறது).

சனிக்கிழமை, இரண்டு மணி, கொட்டகை.
ஆணியின் தலையைத் தேய்த்துவிட்டுத் தள்ளு என்று
கருவியோடு வந்த தாள் சொன்னது.
தேய்க்க என்னிடம் எதுவும் இல்லை. தள்ளினேன்.
கால் சுற்று.
அரைச் சுற்று.
ஊசி முதலில் வளைந்தது,
பிறகு நகம் வெட்டுகிற அளவுக்கு ஒரு சத்தம்.
செயின் முழுசாக இருந்தது.
எட்டாயிரம் பெசோ இரண்டு துண்டாக இருந்தது.
எலியானா சனிக்கிழமை ஒரு மணிக்கே கடையைச் சாத்திவிடுவாள்.

வேலிக்கு அந்தப்பக்கம் ஓயார்ஸோ.
அவர் நாயைப் பற்றி நகராட்சிக்கு எழுதியது நான்தான்.
அவர்கள் போட்ட அபராதக் கடிதத்தைக்
கையெழுத்து வாங்கி அவரிடம் கொடுத்ததும் நான்தான்.
வேலை அப்படி.

"கிரைண்டர் இருக்குமா?"
உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை.
கிரைண்டர், கண்ணாடி, ஒரு தள்ளு உளி, சுத்தியல்,
ஒவ்வொன்றாக வேலிமேல் வந்தன.
ஒயரைத் தன் வீட்டிலேயே செருகினார்.
என் கொட்டகையில் மின்சாரம் இல்லையென்று
நான் சொல்லியிருக்கவில்லை.

பொறி பறந்தது. நாய் குரைத்தது.
இரண்டு பேரும் அது காதில் விழாத மாதிரி நின்றோம்.
"அதற்குக் காது கேட்காது," என்றார் கடைசியில்.
"குரைக்கிறது என்பதே அதற்குத் தெரியாது."
நான் கண்ணாடியைக் கழற்றவில்லை.

இரண்டு தட்டில் ஆணி விழுந்தது.
பழைய செயினின் வாலில் புதியதைக் கம்பியால் கட்டிச்
சக்கரத்தைச் சுழற்றினேன்.
பழையது வெளியே வர வர
புதியது அதே வழியில் உள்ளே போனது.
இதில் ஏதோ இருப்பதாகத் தோன்றியது,
ஆனால் கைநிறையக் கிரீஸ்.

கிளிப்பின் மூடிய முனை
ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.
மாட்டினேன். கழற்றினேன். சரியாகத்தான் மாட்டியிருந்தேன்.
மறுபடி மாட்டினேன்.

திங்கட்கிழமை
அந்தப் பெரிய பெட்டியைத் திறக்கச் சொன்னேன்.
கருவிக்குப் பக்கத்தில் பஞ்சில் ஒரு குழி,
குழியில் மூன்று உபரி ஊசிகள்.
உடையும் என்று செய்தவனுக்கே தெரிந்திருக்கிறது.
எட்டாயிரத்தில் இந்த ஊசிகள் இல்லை.
தன்மேல் அதற்கு
அவ்வளவு நம்பிக்கை.

நோட்டுகளை எண்ணி வைத்தேன்.
அக்கா காரணம் கேட்பாள்.
அறுபத்தோராயிரத்தை எட்டால் வகுத்துப் பார் என்று
எழுதலாமென்று இருக்கிறேன்.