இடது மூலை

ராத்திரி பதினொன்றரைக்கு
'அணைக்க வேண்டாம்' என்று எழுதிவிட்டு
வட்டம் சுற்றத் தொடங்கியது.
கருப்பூர் எடைமேடையில்
ஒரு லாரி மரவள்ளிக்கிழங்கு ஏறி நிற்கிறது.
செங்கோட்டுவேல் இறங்கி வந்து
ஜன்னல் கம்பியில் முகம் வைத்துப் பார்த்தார்:
"ஏங்க, மிசினுக்கும் தூக்கமா?"
முப்பத்தோரு சதவீதம், என்றேன்.
அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

திரும்ப வந்தபோது அது வேறு ஆள்.
முனையெல்லாம் மழுங்கி
ஒவ்வொரு பெட்டியும்
பாதி தேய்ந்த சோப்புக்கட்டி போல.
இடது மூலையில் இருந்த பொத்தான்
நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது,
பந்தியில் இடம் மாறி அமர்ந்துவிட்ட சம்பந்தி மாதிரி.
எழுப்பவும் முடியாது.

ஏழு வருடம்.
கண் ரசீதில், வாய் ஓட்டுநரிடம்,
கை மட்டும் தானாக மூலைக்குப் போய்விடும்.
இப்போதும் போனது.
அங்கே ஒரு சின்ன மேகம் காத்திருந்து
'சேலம், 24 டிகிரி' என்றது.
நான் கேட்டது பில்.

அஞ்சு ரோட்டில் மேம்பாலம் திறந்த வாரம்
பழைய ஞாபகத்தில் ஸ்கூட்டியை ஏற்றிவிட்டு
இறங்க வேண்டிய இடம்
கீழே பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டே
குரங்குச்சாவடி வரை போனேன்.
பாலத்துக்கு என்மேல் கோபம் ஒன்றும் இல்லை.
இதற்கும் இருக்காது.

காலையில் பிரகலாதனுக்குப் போன் போட்டேன்.
"ரெண்டு நாள்ல பழகிடும்க்கா."
பழகிடும் என்று சொல்கிற யாரும்
அந்த நாற்காலியில் உட்கார்வதில்லை.

இரண்டாம் ராத்திரி, வண்டி வராத நேரமாகப் பார்த்து
அமைப்புகளுக்குள் நுழைந்தேன்.
முதலில் எழுத்தைப் பெரிதாக்கினேன்,
நாற்பத்திரண்டு வயது என்று யாரிடமும் சொல்லாமல்.
அம்புக்குறியை மஞ்சளாக்கினேன்.
வைகாசி மல்கோவா மஞ்சள் கேட்டேன்,
அது எலுமிச்சைதான் தந்தது.
நிறப்பலகையில் எத்தனையோ கட்டங்கள்.
விசைப்பலகையில் தினமும் நான் துடைக்கும்
வெள்ளைக்கல் தூசியின் நிறம் மட்டும் இல்லை.

பிறகு அந்த நீலப் பூவைத் தூக்கிவிட்டு
இன்பாவை வைத்தேன்.
ஏற்காடு போகும் வழியில்
பதினெட்டாவது கொண்டை ஊசி வளைவில்
வாந்தி எடுத்து முடித்த கையோடு
அவள் சிரித்த படம்.
முன்பெல்லாம் படக்குறிகள் அவளைச் சுற்றி
ஒழுங்காக ஒதுங்கி நிற்கும்.
இப்போது எல்லாம் கலைந்து
குப்பைத்தொட்டி நெற்றியில் பொட்டாக,
ஜிஎஸ்டி கோப்பு வாயில்.
ஒவ்வொன்றாகக் கொக்கி மாதிரி பிடித்து
மலைச்சரிவுப் பக்கம் இழுத்துவிட்டேன்.
ஒன்று மட்டும் விட்ட இடத்தில் நிற்காமல்
திரும்பத் திரும்ப அவள் காதுக்கே வந்தது.
இருந்துவிட்டுப் போகட்டும், கம்மல்.

மூன்று மணி வாக்கில் கண்டுபிடித்தேன்.
பொத்தானை மீண்டும் இடது பக்கமே
கொண்டுவர ஒரு வரி இருக்கிறது.
ஒரே அழுத்து.
எலுமிச்சை அம்பை அதன்மேல் நிறுத்தினேன்.
அதற்குள் ஹாரன்.

செங்கோட்டுவேல்தான், இன்னொரு லோடு.
மொத்த எடை ஏறியது.
"மேடம், ஆத்தூர் தாண்டினா மழையாங்க?
தார்ப்பாய் கட்டணுமா?
நேத்து அந்த மேகத்தைப் பார்த்துச் சொன்னீங்களே."
நான் சொல்லவில்லை. கை தவறியது.
அதை எப்படி விளக்குவது?

அமைப்புகளை மூடினேன்.
கை இடது மூலைக்குப் போனது,
இந்த முறை நான் அனுப்பி.

'தெளிந்த வானம்' என்றது.
சொன்னேன்.
அவர் என்னைப் பார்த்தார்,
தன் தோளைப் பார்த்தார்.
சட்டை நனைந்திருந்தது.