கவலை என்று தேடினேன்

ஐஸ் ஃபாக்டரி கணக்கு முடிய இரவு பத்தாகும்.
பார் எத்தனை, உடைசல் எத்தனை,
எந்தப் படகு இன்னும் பாக்கி.
அதைச் சுருக்கிவிட்டு அதே லேப்டாப்பில்
வேதாகம மென்பொருளைத் திறப்பேன்.
திரை நான்காகப் பிரியும்.
மேலே தமிழ், பக்கத்தில் ஆங்கிலம்,
கீழே எனக்கு வாசிக்கத் தெரியாத கிரேக்கம்,
தூண்டில் முட்களைக் கொட்டிவைத்த மாதிரி.
நான்காவது அகராதி.
எனக்கும் முட்களுக்கும் நடுவில்
கமிஷன் கேட்காத தரகர்.

செவ்வாய்க்கிழமைப் பாடத்துக்காக
கவலை என்று அடித்துத் தேடினேன்.
உருட்ட உருட்டப் பட்டியல் கீழே ஓடியது.
இத்தனை பேரா?
நான் மட்டும்தான் என்றிருந்தேன்.

ஒரு சொல்லின்மேல் அம்பை வைத்தேன்.
அகராதி வேரைக் காட்டியது:
பிரித்தல், பங்கிடுதல், மனம் பல பக்கம் இழுபடுதல்.
மஞ்சள் பூசினேன்.
மூன்று தலைப்பு, தலைப்புக்கு இரண்டு வசனம்,
முடிவில் யோசிக்க ஒரு கேள்வி.
பக்க எண்ணை மென்பொருளே போட்டுக்கொண்டது.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்,
பாடம் எடுக்கிறவர்கள் தூங்குகிற தூக்கம்.

ஜீவரத்தினம் நகர், மொட்டை மாடி.
கவிழ்த்த மீன் கிரேட்மேல் லேப்டாப்,
பதினோரு பெண்கள்.
"கிரேக்கத்தில் இதற்கு..." என்று தொடங்கினேன்.
கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்து
கிரேக்கத்தைக் கொண்டுபோனது.
"ஆகவே நாம் கவலைப்படக் கூடாது."

தேசம்மா கையைத் தூக்கினாள்.
வார்ப்பில் கூறு வைத்து விற்கிறவள்,
கர்த்தரையும் தேசப்பனையும்
ஒரே கும்பிடில் முடித்துக்கொள்கிறவள்.

"இன்னா டீச்சர், கவலை படக் கூடாதா?
நாலு நாளா கவலையே படல.
போட்டுங்கோ சும்மா போய் சும்மா வருது.
அது படலன்னுதான் எங்களுக்கே கவலை."

மாடி முழுக்கச் சிரிப்பு.
பக்கத்து மாடியில் துணி எடுத்தவளும் சிரித்தாள்.
நான் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன்.
திரையில் என் மூன்று தலைப்புகளும் அப்படியே நின்றன,
டோக்கன் வாங்கியும் பெயர் கூப்பிடப்படாதவர்கள் மாதிரி.

தப்பிக்கப் பார்த்து, "இதன் வேர்ச்சொல்லுக்கு
பங்கு பங்காகப் பிரிப்பது என்று பொருள்" என்றேன்.

"அப்ப கூறு போடறதுன்னு சொல்லேன்," என்றாள்.
"கூடையில இருக்க சொல்ல அது ஒரே மீனு.
கொட்டிக் கூறு போட்டப்புறம்தான்
எது போவும் எது நாறும்னு
ஒண்ணொண்ணா பாத்துக்கினு குந்தணும்.
பத்து கூறுன்னா பத்து பயம்."

சொல்லிவிட்டுக் கணுக்காலில் கொசுவை அடித்தாள்.
முழங்கையில் ஒரு செதிள் உலர்ந்து மின்னியது.
அடுத்த தலைப்புக்குப் போக எனக்கு மனமில்லை.

கடைசி ஜெபத்தில் சலோமி சத்தமாக வேண்டினாள்:
"நாளைக்காவது நிறைய கவலை படணும் ஆண்டவரே."
ஆமென் என்றோம்.
பரலோகத்தில் தமிழ் தெரிந்தவர்கள்,
அதிலும் காசிமேட்டுத் தமிழ் தெரிந்தவர்கள்
யாராவது இருந்தாக வேண்டும்.

இரவு பத்தரை.
குறிப்புப் பெட்டியில் தேசம்மா சொன்னதை
அவள் சொன்னபடியே தட்டச்சு செய்தேன்.
எழுத்துப்பிழை என்று சிவப்புக் கோடு விழுந்தது. விழட்டும்.
ஆதாரம் என்ற கட்டம் காலியாக இருந்தது.
பேராசிரியர்கள் பெயரும் பக்கமும் போடுகிற இடம்.
தேசம்மா, இரண்டாம் வார்ப்பு என்று போட்டேன்.
சேமிக்கவா என்றது.
சேமி.

மறுபடி கவலை என்று தேடிப் பார்த்தேன்.
பட்டியலின் அடியில், எல்லா உரைகாரர்களுக்கும் கீழே,
அவள் குந்தியிருந்தாள்.

பிறகு ஐஸ் கணக்கைத் திறந்தேன்.
விடிகாலைக்கு ஆறு பார் கூடுதலாக எழுதினேன்.
முதலாளி கேட்டால் என்ன சொல்வதென்று தெரியவில்லை.
படலாம்.