மிச்சம்

பியானோவை யாரும் குறை சொல்லவில்லை.
லம்ஸீராவுக்குத்தான் பல் கூசியது.

சியாத்துரா, சுரங்கத் தொழிலாளர் மன்றம்.
இரவுக் காவல். சம்பளம் விறகுக்கே சரி.
கேபிள் கார் பணிமனையில் ஒரு திருகுசாவியை இரவல் வாங்கி
மூன்று இரவு அராவி
ஆணியின் சதுரத் தலைக்குப் பொருத்தினாள்.

முதல் வாரமே ஒரு கம்பியை அறுத்தாள்.
கம்பி அவள் கன்னத்தைக் கீறிவிட்டுச் சுருண்டது.
கணக்கு நேராயிற்று.

ஒரு கட்டைக்கு மூன்று கம்பி என்பதே
மூடியைத் திறந்த பிறகுதான் தெரியும்.
பழைய பூட்ஸின் கம்பளத்தைக் கிழித்து
ஒன்றின் வாயை அடைத்தாள்.
மற்ற இரண்டையும் பேசவிட்டாள்.
ஒத்துப்போகாதவை பேசினால் நடுவே ஒரு நடுக்கம்,
வௌ வௌ வௌ என்று.
திருகத் திருக அது மெதுவாகும்.
இன்னும் ஒரு மயிரிழை,
நின்றுவிடும்.

அது நின்றதைக் கேட்ட இரவு
ரோந்து போக மறந்தாள்.

பேராசை வந்தது.
ஒரு கட்டையிலிருந்து அதன் ஐந்தாம் கட்டை,
அதிலிருந்து அதன் ஐந்தாம் கட்டை,
ஒவ்வொன்றையும் நடுக்கம் துளியும் இல்லாமல் நிறுத்தி
பன்னிரண்டு தாவலில் ஒரு சுற்றுச் சுற்றி
புறப்பட்ட வாசலுக்கே திரும்பினால்
வாசல் அங்கே இல்லை.
சற்றுத் தள்ளி நிற்கிறது.

கை பிசகு என்றாள். முதலிலிருந்து.
காது பிசகு என்றாள். முதலிலிருந்து.
மூன்றாம் முறையும் அதே மிச்சம், அதே அளவு.
பிசகு இவ்வளவு நாணயமாக இராது.

சாவியை மடியில் வைத்துக்கொண்டு
விடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

தொண்ணூற்றிரண்டின் குளிர்காலம், மின்சாரமில்லாத மாடிப்படி.
பன்னிரண்டு கதவுக்கும் ரொட்டி நறுக்கியவள் அவள்தான்.
ஒரு துண்டு குறைந்த அன்று
எந்தக் கதவையும் பட்டினி போடவில்லை.
எல்லாத் துண்டையும் கொஞ்சம் மெலிதாய்ச் சீவினாள்.
யாரும் கண்டுகொள்ளவில்லை.
கண்டவர்களும் வாய் திறக்கவில்லை.

அப்படியே சீவினாள்.
பன்னிரண்டு தாவலிலும் ஒரு நூல் கம்மி.
இப்போது எதுவும் சுத்தமில்லை.
எல்லாம் வீடு வந்து சேர்ந்தன.

இதற்கு எங்கேயாவது ஒரு பெயர் இருக்கலாம்.
அவள் தேடவில்லை,
மூடியின் உட்புறம் சாக்கட்டியால் தேதி மட்டும் எழுதினாள்.

மே மாதம் பிள்ளைகள் வந்தார்கள்.
கியோர்கா, பபிள்கம் ஒட்டிய விரலால்
ஏதோ பாதிப் பாட்டை வாசித்துவிட்டு ஓடினான்.
பன்னிரண்டு சின்னப் பொய்களும்
அவளுக்கு மட்டும் கேட்டன.

திறந்த காதுக்கு மூடி கிடையாது.
வீட்டில் ஃபிரிட்ஜ் ஒரு சுருதி, டியூப்லைட் ஒரு சுருதி,
நடுவே வௌ வௌ வௌ.

விளக்கை அணைத்துவிட்டு
இருட்டில் சாப்பிட்டாள்.