வரிசையில் பதினொன்று

நீடாமங்கலம் ரயில்வே கேட்டை ஒட்டிய மாடி.
மூன்று கணினி, ஒரு பிரிண்டர்.
பிரிண்டரை முதலாளி பக்கிரிசாமியின் மேசையில்
குட்டை வயரால் கட்டியிருந்தது,
முளையில் கட்டின கன்றுக்குட்டி மாதிரி.

அவருடையது பழைய விண்டோஸ்.
எழுத்துருவும் பழசு.
அதில் அடித்த 'அடங்கல்'
என் திரைக்கு வந்தால்
கமாவும் கேள்விக்குறியுமாகக் கைகோத்து நிற்கும்.
தையல்நாயகி அக்காவிடம்
முதலாளி மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து
விட்டுப்போன ஆப்பிள்.
எனக்குக் காசு கேட்காத லினக்ஸ்.

ஒரே அறை, ஒரே மின்விசிறி,
ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது.
சாப்பிடப் போகையில் முதலாளி
தன் கணினியை அணைத்துவிட்டுப் போவார்,
கரண்டு பில்லுக்குப் பயந்து.
அதோடு பிரிண்டருக்கும் எங்களைத் தெரியாமல் போகும்.
எனவே பென்டிரைவ்.
ஒரு நாளைக்கு நாற்பது முறை
எழுந்து
அவர் நாற்காலிக்குப் பின்னால் போய்
"சார், கொஞ்சம் நகருங்க."

ஐப்பசியில் ஒருநாள்
என் பென்டிரைவிலிருந்து வைரஸ் வந்ததென்று
காப்பீட்டுக்கு வந்த பதினைந்து பேர் முன்னால்
கத்தினார்.
நான் உட்கார்ந்து அடித்தேன்:
'வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.
இப்படிக்கு, சு. மங்களேஸ்வரி.'
பென்டிரைவைத் தொடவில்லை.
என் இடத்திலிருந்தே அச்சிடச் சொன்னேன்.
வரவில்லை. மறுபடி அழுத்தினேன்.
கோபத்தில் பதினொரு தடவை.
'பிரிண்டர் தயாராக இல்லை' என்றது திரை.
நானும் தயாராக இல்லை போலிருக்கிறது என்று
டீ வாங்கப் போனேன்.

கடைசித் தேதிக்கு நாலு நாள்.
சிட்டாவை நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு
படி முழுக்க ஆட்கள்.
கூத்தாநல்லூரிலிருந்து ஹாஜா மைதீனைக் கூப்பிட்டோம்.
வந்ததும் அந்தக் குட்டை வயரைத்தான் பிடுங்கினான்.
நீளமாய் நீல வயர் ஒன்றைச் சுவரோரம் ஓட்டி
வைஃபை பெட்டியில் சொருகினான்.
"இனிமே இது யாரையும் அண்டி இல்ல சார்.
சொந்தமா விலாசம் குடுத்திருக்கேன்.
நாலு எண், நடுவுல மூணு புள்ளி.
எந்த மிஷினும் நேரா வந்து கதவத் தட்டலாம்."
முதலாளி தன் மேசையில் காலியான இடத்தைத்
துண்டால் துடைத்தார்.
இரண்டு முறை துடைத்தார்.

ஆப்பிளிலிருந்து ஒரு பக்கம் வந்தது.
விண்டோஸிலிருந்து ஒன்று.
என் கணினியில் ஹாஜா
பழைய வரிசையை அழிக்கவில்லை;
விலாசத்தை மட்டும் மாற்றி
நின்றதை ஓடவிட்டான்.

சரக்கு ரயில் போன பிறகு
எங்கள் ஊர் கேட் திறக்கும்போது பார்த்திருக்கிறீர்களா,
முன்னால் நின்ற லாரி, நடுவில் நுழைந்த பைக்,
எல்லாம் ஒரே மூச்சில்.
அப்படி வந்தது.
ஒரு அடங்கல், ஒரு பாஸ்புக் நகல்,
பிறகு நான்.
நான். நான். மொத்தம் பதினொரு நான்.

எடுக்க ஓடினேன்.
முதலாளி கை முந்திவிட்டது.
ஒவ்வொன்றும் வேறு வேறாக இருக்குமோ என்று
பதினொன்றையும் படித்தார்.
ஹாஜா வயரைப் பார்த்தான்,
அக்கா கூரையைப் பார்த்தாள்.

"தேதி போன மாசம்" என்றார்.
"தேதி தாண்டுன விண்ணப்பத்த
நாம வாங்குறதில்லியே."
பிறகு எல்லாவற்றையும் திருப்பினார்.
"பின்பக்கம் காலியாத்தான் இருக்கு" என்று
தட்டில் வைத்து மூடினார்.

மறுநாள் அவசரத்தில்
எது எதன் பின்னால் போனதோ.

ஒரு வாரம் கழித்து
கோவில்வெண்ணியிலிருந்து ஒரு பெரியவர் படியேறி வந்தார்,
மூன்று மா சம்பாவுக்குக் கட்டியவர்.
தாளைத் திருப்பி நீட்டினார்.
"வேலைய விட்டு விலகுறதா எழுதியிருக்காம்,
பேரன் படிச்சான்.
நான் அப்படி ஒண்ணும் சொல்லலியே தாயி.
இதுக்கும் கையெழுத்துப் போடணுமா?"

வேண்டாம் ஐயா, என்றேன்.
முன்பக்கம் மட்டும் போதும்.

கீழே கேட் மூடியிருந்தது.
திறக்கிற வரைக்கும் அவர்
என் மேசையருகே உட்கார்ந்திருந்தார்,
பிரிண்டர் ஓடுவதைப் பார்த்தபடி.