சூப்புப் பானை

துடுப்பை வேகவைக்கப் பள்ளியில் பாத்திரம் இல்லை.
சபைக்கூடத்துச் சமையலறையிலிருந்து
நாற்பது லிட்டர்ப் பானையைத் தூக்கி வந்தேன்,
யாரையும் கேட்காமல்.
திங்கள் இரவு முழுக்க
ஆய்வகச் சன்னல்கள் வியர்த்தன.
படகுத்துறை வரைக்கும் நாறுகிறது என்றாள் தபால்காரி.

ஃபாரோவில் இது ஒன்றும் அதிசயமில்லை.
போன வாரம் கரையேற்றி அறுத்த திமிங்கிலம்;
ஹோக்னி வீட்டுப் பங்கில் வந்தது.
கறி அவர்களுக்கு, துடுப்பு எங்களுக்கு.

செவ்வாய் காலை
எலும்புகளைச் செய்தித்தாளில் பரப்பினோம்.
தோள். முழங்கை. மணிக்கட்டு.
அப்புறம் விரல்கள்,
ஐந்து.
இரண்டாம் விரலில் மட்டும் பதின்மூன்று துண்டு,
கடைசித் துண்டு பார்லி மணியளவு.
பென்சிலால் எண் போட்டு அடுக்கினார்கள்.
நான் சொல்லாமலே
ஒவ்வொருவராய்த் தம் கையைக்
கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

இதே பன்னிரண்டு பேருக்கு
ஞாயிறு காலை பத்து மணிக்கு
ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் சொல்லித் தருகிறவள் நான்.
கம்பளித் துணிப் பலகையில் ஒட்டுகிற
மீன், பறவை, மனிதன்
தனித்தனி உறைகளில் இருக்கும். கலக்க விடமாட்டேன்.

"நீங்க எதை நம்புறீங்க டீச்சர்?"
ஹோக்னியின் கேள்வியில் குறும்பு இல்லை.
படைத்தவரை நம்புகிறேன் என்றேன்.
எலும்பை நம்ப வேண்டியதில்லை,
எண்ணினால் போதும்.
சொன்னதும் உள்ளே கொஞ்சம் பெருமை.
பத்து நிமிடம் தாங்கியது அது.

மணி அடிக்கும் நேரம்
கடைசி பெஞ்சு ரன்வா
ஒரு தாளை மடித்து நீட்டினாள்.
அம்மாவைத் தோர்ஷாவ்னுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.
வயிற்றில் ஊசி போட்டு
நீரெடுத்துப் பார்ப்பார்களாம்.
குழந்தைக்கு ஏதாவது இருந்தால்
எது சரி?

எனக்கு விடை உண்டு.
முழங்கால் காய்த்துப் பெற்ற விடை.
நாக்கு நுனி வரை வந்து நின்றது.
அவளுக்குப் பதினைந்து வயது.
அவளுக்கு மதிப்பெண் போடுகிற கை என் கை.

மறுநாள், பெயர் சொல்லாமல்,
பாடத்தில் இல்லாத பாடமொன்று நடத்தினேன்.
நாற்பதில் ஒன்று என்றால் என்ன,
மீதி முப்பத்தொன்பது என்ன,
ஊசி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது,
ஊசியாலேயே என்ன ஆகலாம்.
சுண்ணக்கட்டி இருமுறை ஒடிந்தது.
தாளைத் திருப்பிக் கொடுத்தபோது
அடியில் எழுதியிருந்தேன்:
எனக்கென்று ஒரு கருத்து உண்டு.
உன் அம்மா வந்து கேட்டால் சொல்வேன்.
நீ பயந்து கேட்கும்போது சொல்லமாட்டேன்.
ஆஸ்பத்திரி தாதியின் தொலைபேசி எண் இது.

நேர்மையா, கோழைத்தனமா?
அன்றிரவு பானையைத் தேய்த்தேன்,
சோடா உப்பு, வினிகர், திரும்பவும் சோடா உப்பு.

வியாழன் மதியம் மூப்பர் சாமல் வந்தார்.
வாசலிலேயே தொப்பியைக் கழற்றினார்.
எனக்கு வசனமும் தயார், அரசுப் பாடத்திட்டமும் தயார்.
"பானை எங்கே?" என்றார்.
காட்டினேன். மோந்து பார்த்தார்.
பிறகு மேசைப் பக்கம் நடந்து
எலும்புகளின் மேல் வெகுநேரம் குனிந்து நின்றார்.
அம்பது வருஷம் கத்தி பிடித்த விரல்கள்
ஏழாவதை எடுத்து எட்டின் இடத்திலும்
எட்டாவதை ஏழின் இடத்திலும் வைத்தன.
"மாத்தி அடுக்கியிருந்தீங்க."
வேறொன்றும் சொல்லவில்லை.
பானையை மார்போடு அணைத்துக்கொண்டு
மழையில் இறங்கிப் போனார்.

ஞாயிறு ஆட்டுக்கறி சூப்.
ஊற்றுகிற முறை என்னுடையது.
ரன்வாவின் அம்மா கிண்ணத்தை நீட்டினாள்,
மறுகை வயிற்றின் மேல்.
கேட்பாளோ என்று
கரண்டியை அப்படியே பிடித்திருந்தேன்.
"கிழங்கு கொஞ்சம் கூட" என்றாள்.

சூப்பில் இன்னும் கடல் வாசம்.
எல்லோரும் குடித்தார்கள்.